வெளிச்சமும் போனஸும்
நிறுவன நடத்தையியலின் வேரை 1924இல் சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் தொடங்கிய சோதனையில் தேடுவது வழக்கம். விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியதாம். தொழிலாளரை யாரோ கவனித்ததே காரணமாம். பிற்கால ஆய்வாளர்கள் இதை அவ்வளவாக நம்பவில்லை. பாடநூல்கள் இன்னும் நம்புகின்றன. 2012இல் கோவையில் மின்வெட்டு இதே சோதனையைக் கட்டணமின்றி நடத்தியது. லேத்தும் சேர்ந்தே நின்றதால் உற்பத்தி ஏறவில்லை.

பீளமேட்டில் எம்பிஏ முடித்த பம்புசெட் பட்டறை வாரிசு, ஊக்கக் கோட்பாட்டின்படி கருத்துப் படிவம் நீட்டுகிறார். டர்னர் அதில் கிரீஸ் துடைக்கிறார். அப்பாவின் முறை வேறு: "சாப்டீங்களா? பொண்ணு காலேஜ் போகுதுங்களா?" என்பார், போனஸ் எப்போது என்று மட்டும் சொல்லமாட்டார். கிடைக்கும் நேரம் தெரியாத வெகுமதிக்காக விடாமல் உழைப்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடம் சோதித்து, 1957இல் புத்தகமாகவே போட்டார்.