ஏப்ரல் அண்ணை

ரொறன்ரோவில் ஏப்ரல் மாதம் பனி உருகும்போது, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இரண்டு விஷயங்கள் வெளியே தெரியவரும். ஒன்று, அக்கம்பக்கத்தார் அள்ளாமல் விட்டுப்போன நாய்க் கழிவு. மற்றது, மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் தற்காப்பு. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே சொற்களால் திட்டக்கூடிய ஒருவர் ஸ்காபரோவில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஏப்ரல் அண்ணை.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கித் தலையெடுத்தவர். இப்போது சொந்த வீடு, வாசலில் இரண்டு கார், உள்ளே ஒரு நாய், இரத்தத்தில் கொஞ்சம் சீனி. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாதபடியால் எல்லாவற்றையும் குறை சொல்லுவார்.

காலை ஏழு மணிக்கு ரிம் ஹோர்ட்டன்ஸில் அவருடைய சபை கூடும். முதலாவது வழக்கு, பனி தள்ளும் வண்டி. முதுகு முறிய அவர் வாசலைத் துப்புரவாக்கி உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றும் நேரம் பார்த்து அது வந்து, தெருப் பனி முழுவதையும் அவர் வாசலில் வரம்பாகக் கட்டிவிட்டுப் போகுமாம். இரண்டாவது வழக்கு, றக்கூன். றக்கூனால் திறக்க முடியாது என்று சொல்லி 2016-இல் வீட்டுக்கு வீடு கொடுத்த பச்சைக் குப்பைத் தொட்டியை அவர் தெருவில் ஒரு றக்கூன் இரவில் திறந்துவிடுகிறது. "அதுக்குத் திறக்கத் தெரியுது காணும். எனக்குத்தான் அந்தப் பூட்டு பிடிபடேல்லை." மூன்றாவது, எக்ளின்ரன் வீதி. 2011-இல் ரயில் பாதைக்கென்று அதைத் தோண்டத் தொடங்கியபோது பாலர் வகுப்பில் இருந்த மகன் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டான்.

நாலாவதாக லீஃப்ஸ் வரும். வந்தபின் வேறு வழக்கு எடுபடாது.

அந்தக் கடைக்குப் பெயர் தந்த ரிம் ஹோர்ட்டன், லீஃப்ஸின் தற்காப்பு ஆட்டக்காரர். 1967-இல் அந்த அணி கடைசியாக ஸ்ரான்லி கிண்ணம் வென்றபோது களத்தில் நின்றவர். அப்போது லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். வென்றவனின் பெயரில் இருக்கும் கடையில் உட்கார்ந்துதான் தோல்விகளை அலசுகிறோம் என்பது அண்ணைக்கும் தெரியும். "அந்த மனுசனுக்குப் பிறகு பின்னுக்கு நிண்டு மறிக்க ஒரு ஆள் வரேல்லை, பாரும்" என்பார். 1967-இல் அவர் சாவகச்சேரியில் அரிச்சுவடி எழுதிக்கொண்டிருந்தவர் என்பதை அந்த நேரத்தில் நினைவூட்டினால் கோபம் வரும்.

இந்த நோய் அவருக்குத் தொற்றிய நாளைச் சொல்ல முடியும். 1993 மே 27. உணவகத்துக் குசினியில் குளிர்ப்பெட்டிக்கு மேலே ஒரு சின்ன ரி.வி. லீஃப்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போக இன்னும் ஒரே ஒரு வெற்றி தேவை. லொஸ் ஏஞ்சலிஸில் ஆட்டம், மேலதிக நேரம். வெயின் கிரெட்ஸ்கியின் ஸ்ரிக் உயர்ந்து டக் கில்மரின் நாடியைக் கிழித்தது, இரத்தம் வந்தது, நடுவர் தண்டிக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டு ஆட்டத்தை முடித்தார். அடுத்த ஆட்டம் ரொறன்ரோவிலேயே நடந்தது. அதிலும் அவர் மூன்று கோல். லீஃப்ஸ் வெளியே. தான் அதைப் பார்க்கவில்லை என்று அந்த நடுவரே பின்னாளில் சொல்லிவிட்டார். அண்ணை சமாதானமாகவில்லை. அவருடைய அகதி வழக்கு முதல் விசாரணையிலேயே ஏற்கப்பட்டதால் அப்பீல் போகும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கவில்லை. அந்த அப்பீலைத்தான் முப்பது வருடமாக கிரெட்ஸ்கிக்கு எதிராக நடத்திக்கொண்டிருக்கிறார்.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலையுதிர் காலத்தில் தொடங்கி ஒவ்வோர் அணியும் எண்பதுக்கு மேல் ஆட்டம் ஆடும். அதில் தேறும் 16 அணிகள் பிளேஓஃப் என்ற கட்டத்துக்குப் போகும். நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஏழில் நாலு வெல்லவேண்டும். சமநிலை என்று ஒன்று கிடையாது. யாராவது கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக நீட்டிக்கொண்டே போவார்கள், விடிந்தாலும் சரி. அந்த எண்பது சொச்ச ஆட்டத்திலும் லீஃப்ஸ் நன்றாகத்தான் ஆடும். கேடு அங்கேதான் இருக்கிறது. ஒரேயடியாக மோசமான அணியாக இருந்தால் அண்ணை எப்போதோ கிரிக்கெட்டுக்குத் திரும்பியிருப்பார். ஏப்ரல் வரைக்கும் நம்பிக்கை ஊட்டி, ஏழாவது ஆட்டம்வரை இழுத்துவந்து, அங்கே வைத்துக் கையை விடும். 2013, 2018, 2019, 2024 என்று நாலு தடவை ஏழாவது ஆட்டத்தில் வெளியே தள்ளியது போஸ்ரன். அண்ணையின் மகளுக்கு போஸ்ரனில் நல்ல வேலை கிடைத்தபோது வீட்டில் ஒரு கிழமை பேச்சுவார்த்தை இல்லை.

பிளேஓஃப் தொடங்கினால் அண்ணை தாடி வழிப்பதில்லை. இது எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் ஆட்டக்காரர் கொண்டுவந்த வழக்கம் என்பார்கள். அவர்கள் தொடர்ந்து நாலு கிண்ணம் வென்றார்கள், தாடி பொருந்தியது. அண்ணையின் மனைவி, எங்கள் அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை.

"உந்தத் தாடியோடை சாமத்திய வீட்டுக்கு வந்தால் ஆர் செத்தது எண்டு கேக்கப் போயினம்."

"இன்னும் சாகேல்லை. ஏழாம் மட்ச் வரைக்கும் பொறும்."

பெரும்பாலான வருடங்களில் அந்தத் தாடி இரண்டு கிழமைக்கு மேல் வளர்ந்ததில்லை.

வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி உண்டு. இங்கே பிறந்த மகன் கூடைப்பந்து ஆள். "அப்பா, ராப்ரர்ஸ் 2019-இல் சம்பியன் ஆகிட்டுது. இந்தப் பக்கம் வாங்கோவன்" என்பான். "வெல்லுற ரீமை எவனும் ஆதரிப்பான்ரா" என்பது பதில். மொன்றியலில் இருக்கும் மச்சான் இன்னும் பொல்லாதவர். அவருடைய அணி 24 தடவை கிண்ணம் வென்றது. 2021-இல் லீஃப்ஸ் மொன்றியலை 3-1 என்று முந்தி நின்றுவிட்டு, அடுத்த மூன்று ஆட்டத்தையும் தோற்றது. அன்றிரவு மச்சான் ரெலிபோன் எடுத்தார். லீஃப்ஸைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அத்தான், சுகமா இருக்கிறியளோ?" என்று மட்டும் கேட்டார். அதை அண்ணை இன்னும் மன்னிக்கவில்லை.

நாய்க்கு வருகிறேன். ஊரில் நாய் முற்றத்தைத் தாண்டி உள்ளே வராது. வந்தால் விளக்குமாறு பறக்கும். இங்கே அது செற்றியின் இடது மூலையில் படுத்திருக்கிறது, அக்காவுக்குக் கதிரை. குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு பாதத்தை எரிக்கும் என்று அதற்கு நாலு சப்பாத்து. பத்தாம் வகுப்புவரை வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவர், குனிந்திருந்து அந்த நாலையும் ஒவ்வொன்றாகப் பூட்டிவிடுவார். மிருக வைத்தியரின் பில் வந்தால் மட்டும் சத்தம் போடுவார்: "எனக்கு நெஞ்சு பிளந்து தைச்சாலும் இந்த நாட்டிலை ஒரு சதம் கேக்கமாட்டாங்கள். நாய்க்குக் காது துடைச்சதுக்கு இவ்வளவோ?" சத்தம் வைத்தியருக்கும் பில்லுக்கும்தான், நாயை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. உலகத்தில் அவருடைய முறைப்பாட்டுக்குத் தப்பிய ஒரே சீவன் அது.

முதல் நாய்க்கு சண்டின் என்று பெயர் வைத்தார், பல காலம் லீஃப்ஸின் தலைவராக இருந்த சுவீடன்காரர் மற்ஸ் சண்டினின் நினைவாக. அக்கா அதைச் சண்டி என்று சுருக்கினார். குணமும் அதற்கேற்றதாகவே இருந்தது. அது போனபின் வந்த நாய்க்கு, 2016-இல் அணிக்குள் வந்த ஓஸ்ரன் மத்தியூஸின் பெயர். அக்கா அதையும் சண்டி என்றுதான் கூப்பிடுகிறார். நாயும் அதற்குத்தான் ஓடிவருகிறது.

2013 மே 13-ஆம் திகதிச் சம்பவத்தில் முதல் சண்டிக்குப் பங்குண்டு. போஸ்ரனில் ஏழாவது ஆட்டம். மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் லீஃப்ஸ் 4-1 என்று முன்னுக்கு. இனிப் பயமில்லை என்ற நிம்மதியில், கதவைப் பிறாண்டிக்கொண்டு நின்ற நாயை அண்ணை வெளியே கூட்டிப்போனார். அது ஒவ்வொரு மரமாக ஆராய்ந்தது. திரும்பி வந்தபோது 4-4. போஸ்ரன் தன் கோல்காப்பாளரையே வெளியே எடுத்துவிட்டு, கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டிருந்தது. மேலதிக நேரத்தில் ஐந்தாவதும் விழுந்தது. எல்லாரும் தற்காப்பைத் திட்டினார்கள். அண்ணை மட்டும் தான் வெளியே போனதால்தான் இது நடந்தது என்று உறுதியாக நம்புகிறார். அதிலிருந்து மூன்றாவது பகுதியில் நாய்க்கு வெளியே போக அனுமதி இல்லை. விளைவைக் கம்பளத்தில் காணலாம்.

வைரவரின் வாகனம் நாய் என்பதால் அண்ணைக்கு இதில் சமய ஆதாரமும் உண்டு. ஒரு சுற்று வென்றால் வைரவருக்கு வடைமாலை என்று நேர்த்தி வைத்துக்கொண்டே வந்தார். வைரவர் அவசரப்படவில்லை. 2004-க்குப் பிறகு ஒரு சுற்றும் வெல்லாத லீஃப்ஸ், 2023 ஏப்ரல் 29 இரவு, ஜோன் ரவாரெஸ் மேலதிக நேரத்தில் போட்ட கோலினால் தம்பா பே அணியை வென்றது. தெருவில் கார்கள் ஹோர்ன் அடித்தன. வடைமாலை சாத்தப்பட்டது. மாலையில் பாதி சண்டிக்குப் போனது.

மறுநாள் காலை சபையில் அண்ணையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோப்பியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பனி தள்ளும் வண்டியைப் பற்றி எடுத்துக் கொடுத்தோம், பிடிக்கவில்லை. றக்கூனை இழுத்துப் பார்த்தோம். "அதுவும் ஒரு சீவன்தானே" என்றுவிட்டார். வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மனிதருக்கு விளங்கவில்லை. நல்லகாலம், அடுத்த சுற்றில் புளோரிடா ஐந்தே ஆட்டத்தில் கதையை முடித்தது. நிறமும் பேச்சும் திரும்பி வந்தன.

2025-இல் மறுபடியும் இரண்டாம் சுற்று, மறுபடியும் புளோரிடா. முதல் இரண்டு ஆட்டத்தையும் லீஃப்ஸ் வென்றது. இரண்டு நாளும் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். அண்ணை உடனே சட்டம் போட்டார்: ஆட்ட நாள் என்றால் ஆடு. மூன்றாவது ஆட்டம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியில் அந்த வீட்டுக்குள் மச்சம் ஏறாது. ஸ்ரான்லி பிரபுவே 1892-இல் தான் கொடுத்த கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாலும் அக்கா அசையமாட்டார். மரக்கறிச் சாப்பாடு, மேலதிக நேரத்தில் தோல்வி. "பாத்தீரே?" என்று அக்காவைப் பார்த்தார். ஞாயிறும் புதனும் ஆடு காய்ச்சி இரண்டும் தோல்வி. அடுத்த வெள்ளி, ஆறாவது ஆட்டம், மறுபடி மரக்கறி. லீஃப்ஸ் 2-0 என்று வென்றது. "பாத்தியளே?" என்றார் அக்கா. சாஸ்திரம் அங்கே முட்டுப்பட்டது. முந்தின வெள்ளி தோற்றதற்கு வெண்டிக்காய்தான் காரணம் என்று அண்ணை ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

ஏழாவது ஆட்டம் ஞாயிறு. மே 18. அன்று எங்கள் வீடுகளில் கஞ்சி. அண்ணையின் இரண்டு மருமக்கள் முள்ளிவாய்க்காலில், போரில் போனவர்கள். பகல் நினைவு நிகழ்வில் நின்றுவிட்டு வந்து, இரவு ஆட்டத்தைப் பார்த்தார். சொந்த மைதானத்தில் லீஃப்ஸ் 6-1 என்று தோற்றது. ஆத்திரத்தில் ரசிகர்கள் அணியின் சட்டைகளைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். அண்ணை ரி.வி.யை நிற்பாட்டிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நடுவரைப் பற்றியோ தற்காப்பைப் பற்றியோ அன்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அடுத்த நாள் விக்ரோறியா தினம். இருட்டியதும் தெருப் பெடியள் வாணம் விட, சண்டி கட்டிலுக்குக் கீழே புகுந்து வெளியே வர மறுத்தது. அண்ணை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். வாணத்தில் தொடங்கி, அதை விற்கிறவன், விட அனுமதிக்கிறவன், மாநகரசபை, எக்ளின்ரன் வீதி, கடைசியில் 1993-இன் நடுவர். ஆள் சுகமாகிவிட்டார் என்று தெருவுக்கே தெரிந்தது.

வசந்தத்தில் ஸ்காபரோப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீலச் சட்டையும் நரைத் தாடியுமாக ஒருவரின் வீட்டுக்குப் போக நேர்ந்தால், மூன்றாவது பகுதி நடக்கும்போது மணியை அடிக்காதீர்கள். அடித்தால் நாய் குரைக்கும். நாய் குரைக்கும் நேரம் பார்த்து எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டால், அண்ணையின் பட்டியலில் கிரெட்ஸ்கிக்கு அடுத்ததாக உங்கள் பெயர் ஏறிவிடும். அதற்கு அப்பீல் கிடையாது.