சிவந்த எச்சம்

கேள்வி: எங்கள் கூண்டிலுள்ள ஆஸ்திரேலியக் குருவி நேற்று முதல் சிவப்பாக எச்சமிடுகிறது, ரத்தமோ என்று வீடே கலங்கிப்போயிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கலங்குவதற்கு முன்னால், நேற்று உங்கள் வீட்டில் பீட்ரூட் நறுக்கப்பட்டதா என்று கிருகலக்ஷ்மியை விசாரித்துவிடுங்கள். மலஜலத்துக்குத் தனித்தனி வாசல் வைக்காமல், பிரம்மதேவன் சிக்கனமாக ஒரே துவாரத்தில் பறவையின் காரியத்தை முடித்துவிட்டபடியால், மலமும், யூரிக் அமிலத்தாலான வெண்பகுதியும், தெளிந்த நீரும் ஒருசேர விழுகின்றன. இவற்றுள் மலமானது, தினை தின்ற குருவிக்குப் பச்சையாகவும், கம்பெனித் தீவனம் தின்றதற்குப் பழுப்பாகவும், பீட்ரூட் தின்றதற்குச் சிவப்பாகவும் அமைவது வெறும் ஆகார விசேஷமே. (மனிதர்களிடமும் பீட்ரூட் இந்த விளையாட்டைக் காட்டுவதுண்டு; யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.) வெள்ளரியும் தர்ப்பூசணியும் ஊட்டிவிட்டு, “பேதி, பேதி!” என்று அலறுவோரும் உண்டு, அது பேதியன்று, மிகுதியான மூத்திரம். ஆனால் வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரல் கோளாறாகவும், மலம் தார்போல் கறுத்தால் உள்ளே ரத்தக்கசிவாகவும் இருக்கக்கூடும். பீட்ரூட்டை நிறுத்தி, கூண்டில் வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள். மறுநாளும் சிவப்பு நீடித்தாலோ, குருவி சோர்ந்து சிறகை உப்பிக்கொண்டிருந்தாலோ, தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள். அந்தக் காகிதத்தையும் மறவாமல் எடுத்துப்போங்கள்.