கட்டத்தில் சேராத மலைப்பூண்டு

அனுப்புநர்: கௌரவ விரிவுரையாளர் ஒருவர், பெருமாள்மலை, கொடைக்கானல் வட்டம்.
பெறுநர்: தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு (நாக்), பெங்களூரு.
பொருள்: ரூப்ரிக்கில் இடம் கிடைக்காத கட்டுரை – தெளிவுரை வேண்டி.

ஐயா/அம்மையீர்,

1994-இல் தொடங்கப்பட்டு, கல்லூரிகளுக்கே மார்க் போட்டுவரும் தங்களுக்கு, அசைன்மென்ட்டுக்கு 5 மார்க் போடும் எளியவனின் வணக்கம்.

தங்கள் குழு வருகிறது என்றதும் எங்கள் கல்லூரியில் (மலைக்குக் கீழே, பெயர் வேண்டாம்) ஆளுக்கொரு ரூப்ரிக், அதாவது மதிப்பெண் கட்ட அட்டவணை, தந்தார்கள். உள்ளடக்கம், அமைப்பு, மொழிநடை, மேற்கோள், தோற்றப்பொலிவு என ஐந்து வரி. 'மிக நன்று' முதல் 'மேம்பட வேண்டும்' வரை நான்கு பத்தி. ஐந்து மார்க்குக்கு இருபது கட்டம். ஏற்பாட்டில் குறையில்லை. முகம் பார்த்தும், சில இடங்களில் சாதி பார்த்தும் மார்க் போட்ட கைகளுக்குக் கடிவாளம் வேண்டும். எதற்கு எவ்வளவு என்பது எழுதுமுன்பே மாணவருக்குத் தெரியவும் வேண்டும். 2018-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையிலும் ரூப்ரிக் உண்டு.

நாங்கள் செய்தது வேறு. முதலில் மொத்தமாக 4 போடுவோம். பிறகு அந்த நான்கை ஐந்து வரிகளில் நிரவுவோம். தாள் நேரே கோப்புக்குப் போகும். கோப்பைத் தாங்கள் பார்ப்பீர்கள். மாணவர்கள் பார்த்ததில்லை.

சிக்கல் இனிதான். கொடைக்கானல் மலைப்பூண்டு பற்றி ஒரு மாணவி எழுதினாள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, வடுகபட்டிச் சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்கு அவள் அப்பா தலையாட்டியதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். மேற்கோள் இல்லை. முன்னுரை இல்லை. படித்தபின் அடுத்த தாளை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இதற்குக் கட்டம் எது? தோற்றப்பொலிவில் சேர்க்கலாமா? சந்தையில் தரம் பிரிப்பவராவது பூண்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்.

இன்னொரு ஐயம். ப்ளூம் படிநிலைப்படி கேள்விக்குக் கேள்வி கே1, கே2 என்று ஓரத்தில் குறிக்கிறோம். மலைப்பூண்டுக் கேள்வி கே2, 'விளக்குக'. அவள் கே6-இல், 'படைக்குக' என்ற படியில், விடையளித்துவிட்டாள். இந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்கு மார்க் குறைக்க விதி உண்டா?

5 போட்டுவிட்டேன். கட்டங்களைக் கூட்டினால் இரண்டரைதான் வருகிறது. மீதியை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கல்லூரியின் தர உறுதிப் பிரிவு (ஐ.க்யூ.ஏ.சி.) ஒருங்கிணைப்பாளர் தினமும் கேட்கிறார்.

இணைப்பு:
1. அடுத்த பருவத்துக்கு மாணவர்களே எழுதிய ரூப்ரிக். ஆறாவதாக 'ஆசிரியர் முழுதும் படித்தாரா?' என்றொரு வரி சேர்த்திருக்கிறார்கள். நீக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, நீக்கவில்லை.
2. அந்த ரூப்ரிக்கை எழுதிய பெருமாள்மலைக் களப்பயணத்தின் ஜியோ-டேக் புகைப்படம். மேகம் இறங்கிவிட்டதால் ஆட்கள் தெரியவில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெளிவாக உள்ளன.