சிட்டி மூலமும் விடெக் உரையும்: ஒரு கால ஆராய்ச்சி

ஹோண்டா சிட்டி என்னும் காரைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை வெளிவந்ததில்லை. இப்படி முதல் வரியில் எழுதுவது ஆய்வு மரபு. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது மரபல்ல. சிட்டியை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், விற்றவர்கள் இருக்கிறார்கள், விற்றுவிட்டு வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூட அடிக்குறிப்பு எழுதி வைக்கவில்லை. அடிக்குறிப்பு இல்லாத அனுபவத்தை அறிவு என்று ஒப்புக்கொள்ள நம் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

எண்ணிக்கைச் சிக்கல்

சிட்டிக்கு எத்தனை தலைமுறை? எளிய கேள்விபோலத் தோன்றும். எளிய கேள்விகளை அப்படியே விட்டுவைப்பவன் ஆய்வாளன் அல்லன்.

முதல் சிட்டி 1981இல் ஜப்பானில் தோன்றியது. செடான் அல்ல, நெடுநெடுவென்று நின்ற சிறு ஹாட்ச்பேக். அதன் டிக்கிக்குள் மடக்கி வைப்பதற்கென்றே மோட்டோகாம்போ என்ற 50 சிசி குட்டி ஸ்கூட்டர் ஒன்றையும் செய்திருந்தார்கள். 1982இல் டர்போ வந்தது. 1983இல் வந்த அதன் தம்பிக்கு ‘புல்டாக்’ என்று பட்டப்பெயர். 1984இல் கூரை மடக்கும் வகை ஒன்று, இத்தாலியப் பினின்ஃபரீனாவின் கைவண்ணத்தில். இரண்டாம் சிட்டி 1986இல் பிறந்து 1994இல் முடிந்தது. இவ்விரண்டையும் தலைச்சங்கம், இடைச்சங்கம் என்க. இவற்றைக் கடல் கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவரத்தான் ஆளில்லை. செடான் உருவில் மூன்றாவது சிட்டி 1996இல் தாய்லாந்தில் தோன்றி, 1998இல் இந்தியாவுக்கு வந்தது.

ஆகவே 1998, 2003, 2008, 2014, 2020 என எண்ணித் தலைமுறை ஐந்து என்பார் ஐவர் கொள்கையினர். ஜப்பானிய இரண்டையும் கூட்டி ஏழு என்பார் எழுவர் கொள்கையினர். இருவரையும் சமாதானப்படுத்த வந்த மூன்றாம் அணியினர், இந்தியாவிலேயே இடையில் வந்த விடெக் இஞ்சின் வகையையும் 2005இன் இசட்எக்ஸையும் தனித் தலைமுறையாக்கி, ஐந்தும் இரண்டும் ஏழு என்று முடித்தார்கள் (வாய்மொழி மரபு). விடை சரி, வழி தவறு. துறைத்தலைவர் பதவி வழக்கமாக இவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

1998: கடைச்சங்கம்

பழைய சிவிக்கின் அடித்தளத்தில் எழுந்த தாழ்வான உருவம். 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என இரு இஞ்சின்கள். நூற்றாண்டு திரும்பிய கையோடு 106 குதிரைத்திறனுடன் விடெக் வந்தது. சிட்டிக்கு ‘ஸ்போர்ட்டி’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

விடெக்கின் இயக்கம் வருமாறு. வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. அதில் ஒரே வேலைக்குச் சாதுவான முகடு, முரட்டு முகடு என இரண்டு வைத்திருப்பார்கள். மெதுவாகப் போகும்வரை சாதுதான் ஆட்சி. சுழற்சி ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி ராக்கர் கைகளைப் பிணைக்கும்; உடனே முரட்டு முகடு பொறுப்பேற்கும். வால்வு கூடுதலாகத் திறக்கும், கூடுதல் நேரம் திறந்திருக்கும், காற்று அள்ளிக்கொண்டு உள்ளே போகும். 1989இல் இன்டெக்ரா காரில் ஹோண்டா முதன்முதலில் இதைக் கொண்டுவந்தது. அந்தக் கணத்தில் இஞ்சின் குரல் மாறும் என்றும், முதுகு இருக்கையில் ஒட்டும் என்றும் அகச்சான்றுகள் கூறுகின்றன. அக்காள் மகன் ஒருவன் நேரில் அனுபவித்துவிட்டு வந்து “சும்மா இழுக்குது மாமா” என்றான். மேற்கோள் நூலும் பக்க எண்ணும் கேட்டேன். தரவில்லை. அவன் கூற்று ஏற்கப்படவில்லை.

(இக்கட்டுரையாளருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. சங்க இலக்கியத்தில் பாலைத்திணையை ஆராய்ந்தவர்கள் எல்லாரும் வெயிலில் நடந்தா பார்த்தார்கள்?)

சமகாலப் புறச்சான்றுகள் மூன்று. மூன்றும் தொண்டை மண்டலத்தவை: திருவள்ளூரில் எழுந்த மிட்சுபிஷி லான்சர், இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஆக்சென்ட், மறைமலை நகரின் ஃபோர்டு ஐகான். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில் பிறந்த அந்த ஐகானை ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்தார்கள். இதுபற்றி ஆய்வாளர் யாவரும் மௌனம் சாதிப்பது சிந்திக்கத்தக்கது. சிட்டி மட்டும் வடக்கே கிரேட்டர் நொய்டாவில் பிறந்தது. அதையும் எங்கள் மாவட்டத்தில் பிறந்ததாக நிறுவி, காலத்தையும் ஓராயிரம் ஆண்டு முன்னுக்குத் தள்ளித் தரலாம். விழா மலர்க் குழுவிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.

2003: இருண்ட காலம்

106 குதிரைகள் நின்ற லாயத்தில் திடீரென்று 77தான் நின்றன. புதிய ஐ-டிஎஸ்ஐ இஞ்சினில் சிலிண்டர் நான்கு, ஸ்பார்க் பிளக் எட்டு, சிலிண்டருக்கு இரண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்துவதே நோக்கம். கூடு உயர்ந்தது, மூக்கு சரிந்தது, மக்கள் ‘டால்ஃபின்’ என்று பெயரிட்டார்கள். பழைய விடெக் பக்தர்கள் இதைக் களப்பிரர் காலம் என்று முடிவுகட்டினார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வாளர் ஒரு காலத்தை இருண்ட காலம் என்றால், விளக்கு அவர் கையில் இல்லை என்று கொள்க. டால்ஃபின் வாங்கிய குடும்பங்கள் காற்றோட்டமாக உட்கார்ந்து, பங்க்குக்கு அடிக்கடி போகாமல், நிம்மதியாகத்தான் இருந்தன (வாய்மொழி மரபு, பெட்ரோல் பங்க், காற்றடிக்கும் இடம்). அவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு 100 குதிரைத்திறனுடன் டால்ஃபினிலும் விடெக் வந்தது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

டிக்கிக் கல்வெட்டியல்

வெளித்தோற்றத்தில் 77 குதிரை டால்ஃபினும் 100 குதிரை டால்ஃபினும் ஒரே அச்சு. பின்னால் பொறித்த பெயரை வைத்துத்தான் தூரத்தில் நிற்பவன் தரம் பிரிக்க முடியும். அக்சசரீஸ் கடையில் விடெக் ஸ்டிக்கரோ மலிவு. ஐ-டிஎஸ்ஐயால் மிச்சப்பட்ட பெட்ரோல் காசில் அதை வாங்கி டிக்கியில் ஒட்டினார்கள். தமிழ் ஆய்வுலகம் இதற்கு என்றோ பெயர் வைத்துவிட்டது: இடைச்செருகல்.

மூலத்தையும் இடைச்செருகலையும் பிரிப்பது எப்படி? முதலில் எழுத்தமைதி. கம்பெனி பொறித்த எழுத்து டிக்கியின் விளிம்புக்கு இணையாக ஓடும். செருகிய எழுத்து ஒரு பக்கம் சற்றே மேலேறும், ஒட்டியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டார் பார்க்கும்முன் அவசரமாக ஒட்டியதே காரணம் (மேலது, ஆனால் காற்றடிப்பவர் மாறிவிட்டார்). அடுத்தது நிறம். வெயிலில் வெளிறிய வண்டியில் எழுத்து மட்டும் புதுமாப்பிள்ளையாக மின்னினால் ஐயுறுக. மூன்றாவது, நகத்தால் சுரண்டுதல். மூலமானால் நகம் உடையும். இடைச்செருகலானால் எழுத்து உரியும். அந்த நேரம் சொந்தக்காரர் வந்துவிட்டால் ஆய்வாளர் உரிவார்.

பானெட்டைத் திறந்து பிளக்கை எண்ணலாமே, எட்டிருந்தால் ஐ-டிஎஸ்ஐ, தீர்ந்தது கதை என்று சிலர் கேட்பதுண்டு. அது மெக்கானிக் வேலை. உள்ளே பார்த்தால் விவாதம் முடிந்துபோகும். விவாதம் முடிந்தால் கருத்தரங்கு ஏது, கருத்தரங்கு இல்லாவிட்டால் பயணப்படி ஏது? பாடலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டால் தீரக்கூடிய எத்தனையோ சிக்கல்களை நம் அறிஞர்கள் மூன்று தலைமுறையாகப் பாதுகாத்து வருவது இந்தப் பொறுப்புணர்வால்தான்.

விடெக்கோடு நிற்காதவர்களும் உண்டு. ‘டைப் ஆர்’ என்று பொறித்த சிட்டிகள் பல கண்டறியப்பட்டுள்ளன. அப்படியொரு சிட்டியை ஹோண்டா இந்தியாவில் விற்றதே இல்லை. இதை இடைச்செருகல் என்பது பொருந்தாது. மெய்க்கீர்த்தி எனலே தகும். போகாத நாட்டை வென்றதாகக் கல்லில் வெட்டுவது மன்னர்க்கும் உரிய மரபு. அந்த மன்னர்கள் பம்பரில் தீப்பிழம்பு வரையவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஒரு குறிப்பிட்ட வெள்ளி நிற டால்ஃபினில் ‘விடெக்’ என்பதன் கீழே மங்கலாக இன்னொரு வரி தெரிகிறது. வாட்டர்வாஷ் கடைப் பழைய உரை அதை முந்தைய சொந்தக்காரரின் குழந்தை பெயர் என்கிறது. டிங்கர் பட்டறை விருத்தியுரையோ பள்ளிக்கூட ஸ்டிக்கர் என்கிறது (க்ளவ் பாக்ஸ் சுவடிக்கட்டு, இன்சூரன்ஸ் தாளுக்கும் காலாவதியான புகைச் சான்றிதழுக்கும் நடுவில் கிடைத்த ஒற்றையேடு, இடது மூலை பன்னீர் சோடாவால் சிதைந்தது, பின்பக்கம் மளிகைப் பட்டியல், அதிலும் துவரம்பருப்பு அடித்துத் திருத்தப்பட்டுள்ளது, திருத்தியவர் கையெழுத்து மனைவியுடையதாகலாம் என்று பெயின்டரின் மறுப்புரை கூறும், மறுப்புரையின் கடைசிப் பக்கத்தில் பிரைமர் தெறித்திருப்பதால் அவர் முடிவு என்னவென்று அறியக்கூடவில்லை, அவரைக் கேட்கலாம், ஆனால் அவர் உயிரோடிருப்பதால் சான்றாகக் கொள்ள இயலாது). நான் அந்த வரியை ‘எஃப்எம் ஆன்டெனா’ என்று படிக்கிறேன். என் முடிபை மறுப்பவர்கள் என் மாணவர்கள் அல்லர்.

2008

118 குதிரைத்திறன், கூர்மையான உருவம், எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனவே ஆய்வுக்கு இதில் ஒன்றுமில்லை.

2014: பாடபேதம்

உலகத்தின் கண்ணுக்கு இதை முதலில் காட்டியது 2013 நவம்பரில், தில்லியில். இதில்தான் சிட்டிக்கு டீசல் வந்தது. பெட்ரோல் வண்டியின் டிக்கியில் ஐ-விடெக், டீசல் வண்டியின் டிக்கியில் ஐ-டிடெக். ஓரெழுத்து வேற்றுமை. புறநானூற்றில் ஓரெழுத்து மாறினால் இரண்டு பேராசிரியர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வதோடு சரி. இங்கே பங்க் பையன் தப்பாகப் படித்து டீசல் வண்டியில் பெட்ரோலை அடித்தால் இஞ்சினைக் கழற்ற வேண்டிவரும். பாடபேதத்துக்கு அபராதம் உள்ள ஒரே துறை இது என்பதால் மற்ற துறைகளுக்கும் பரிந்துரைக்கிறேன். டீசலுக்கு லிட்டருக்கு 26 கிலோமீட்டர் என்று கம்பெனி உரை கூறியது. அது சோதனைக்கூடப் பாடம். சாலைப் பாடம் வேறு.

2020: பதிப்பு பெருத்தல்

மூல நூல் அளவில் கிடக்க உரை பெருத்துக்கொண்டே போவது இலக்கியத்தில் கண்ட உண்மை. 2008 சிட்டியின் நீளம் 4420 மில்லிமீட்டர், 2014இல் 4440, 2020இல் 4549. அகலம் மட்டும் இரண்டு தலைமுறையாக 1695இலேயே நின்றது. 1700ஐத் தாண்டினால் ஜப்பானியச் சட்டம் வண்டியைப் பெரிய வகுப்புக்கு மாற்றிவிடும் என்பதை இதோடு வைத்துப் பார்க்க. 2020இல் அந்தக் கட்டும் அறுந்து 1748 ஆனது. குதிரைத்திறனோ 118 இலிருந்து 121. பன்னிரண்டு ஆண்டுகளில் கூடியவை மூன்றே குதிரைகள், வளர்ந்தது லாயம்தான். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பக்க எண்ணிக்கையை இதனோடு ஒப்பிடும் பணியை இளம் ஆய்வாளர்களுக்கு விட்டுவைக்கிறேன். புதிய பதிப்பு வந்த பிறகும் சில காலம் பழைய பதிப்பும் பக்கத்திலேயே விற்றது. பழையதை வாங்கியவர்கள் விலையைப் பார்த்து வாங்கினார்கள். நாம் அதை மூலபாடப் பற்று என்று எழுதுவோம்.

2022: உரையில் மூலம் மறைதல்

இ:எச்இவி என்னும் ஹைபிரிட். ஊருக்குள் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். இஞ்சின் தன் பாட்டுக்கு ஓடி மின்சாரம் சமைத்துக் கொடுக்கும். நெடுஞ்சாலையில் நிதான வேகம் பிடித்தபின்தான் ஒரு கிளட்ச் இறங்கி இஞ்சினை நேரே சக்கரத்தோடு சேர்க்கும். மோட்டாரும் இஞ்சினுமாகச் சேர்ந்து 126 குதிரைத்திறன்.

இந்த இஞ்சின் ஐ-விடெக் வகை. ஆனால் ஹைபிரிட் பெருமையில் டிக்கியில் இ:எச்இவி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 2003இன் வண்டியில் இல்லாத விடெக் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2022இன் வண்டியில் இருக்கும் விடெக் பொறிக்கப்படவில்லை. டிக்கிக் கல்வெட்டியல் என்ற துறையே ஆட்டம் காணும் நிலை. நேரில் சரிபார்க்க ஷோரூமுக்குப் போனேன். “டெஸ்ட் டிரைவ் போறீங்களா சார்?” என்று கேட்டார்கள். நடுநிலை கெட்டுவிடும் என்று மறுத்து, டேப் கேட்டு வாங்கி டிக்கியை அளந்தேன். சாதாரண சிட்டியில் 506 லிட்டர் இருந்த இடம் இதில் 306தான். மீதி 200 லிட்டர் எங்கே என்றேன். அங்கே பேட்டரி இருக்கிறது என்றார்கள். ‘இப்பகுதி சிதைந்துள்ளது’ என்று குறித்துக்கொண்டேன்.