தெற்குச் சன்னலும் பார்ஸ்லித் தொட்டியும்

பார்ஸ்லி என்பது கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, மத்தியதரைக்கடல் நாடுகளுக்குரிய கீரை. முதலாண்டில் இலையும் மறு ஆண்டில் பூவும் விதையும் தருவதால் தாவரவியலார் இதனை ஈராண்டுத் தாவரம் என்பர். தாராபுரம் வட்டாரத்து மூலனூரில் இதனை வெளியில் வளர்ப்பது சிறந்ததா, வீட்டுக்குள் வளர்ப்பது சிறந்ததா என்று ஆராய்ந்து முடிவு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் விதை முளைக்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். முளைப்பதற்கு முன் அது சாத்தானிடம் பலமுறை போய்த் திரும்புவதாக ஆங்கிலேயக் கிராமத்தார் நம்பினர். விதையுறையிலுள்ள சில வேதிப்பொருள்களே தாமதத்துக்குக் காரணம் என்பது அறிவியலார் விளக்கம். 41 நாளாகக் காலையும் மாலையும் தொட்டிக்குள் குனிந்து பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்ட ஒருவருக்கு (அவருக்கும் இக்கட்டுரை ஆசிரியருக்கும் மிக நெருங்கிய உறவு) சாத்தான் விளக்கமே சரியெனப் படுகிறது.

விதைப் பொட்டலத்தின் பின்புறம், தொட்டியைத் தெற்கு நோக்கிய சன்னலில் வைக்குமாறு கூறுகிறது. இலண்டனுக்கு இது பொருந்தும். இலண்டன் நிலநடுக்கோட்டிலிருந்து 51 பாகைக்கு மேல் வடக்கே இருப்பதால் அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். மூலனூரோ 11 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், ஏப்ரல் 18ஐ ஒட்டி இங்கே தலைக்கு நேர்மேலே வரும் சூரியன், அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 24ஐ ஒட்டித்தான் தெற்கே திரும்புகிறது. ஆகவே இந்த நான்கு மாதமும் தெற்குச் சன்னலில் வெயில் விழாது. பல்லி மட்டும் விழும். வடக்குச் சன்னலுக்குத் தொட்டியை மாற்றினால் அங்கே துணி காய்கிறது. வடகிழக்கு ஈசானிய மூலை. அங்கே பாரம் வைத்தால் குடும்பம் நொடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிக்கின்றனர். கிழக்கில் பக்கத்து வீட்டுச் சுவர். மேற்கிலோ, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து தாராபுரம் வட்டாரக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றும் ஆடிக் காற்று, தொட்டியின் மேல்மண்ணை வாரிக் கூடத்துச் சோபாவில் பரப்புகிறது. அம்மியைப் பறக்கவிடும் காற்றுக்குச் சாத்தானிடமிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் விதை எம்மாத்திரம்? அந்த மண்ணைக் கூட்டிப் பெருக்கியவர், “முருங்கைக் கோலை ஒடிச்சு நட்டா தெக்கு வடக்குன்னு கேக்குதுங்களா?” என்றார். மூலனூர் முருங்கை என்றே பெயர்பெற்ற மரம் அது. கிளையை வெட்டி ஊன்றினாலே தழைப்பது. பொட்டலமும் இல்லை, பின்புறமும் இல்லை. இக்கேள்விக்கு அறிவியல் அடிப்படையில் விடை கூற இயலவில்லை.

வெளியில் வளர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால், பார்ஸ்லி குளிர்ச்சியை விரும்புவது. உதகையிலும் கொடைக்கானலிலும் நன்கு வரும். மூலனூர்ச் சித்திரை வெயிலோ மொட்டைமாடியில் வற்றலுக்கு மட்டுமே உகந்தது.

தொட்டி தற்போது வடக்கில், ஈரத்துண்டுகளுக்குக் கீழே இருக்கிறது. அதனைத் தெற்குக்கு மாற்ற வேண்டிய நாளாக ஆகஸ்ட் 24, தினசரி நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. நேற்று அத்தாளை யாரோ முன்கூட்டியே கிழித்துச் சந்தைக் கணக்கு எழுதியிருக்கின்றனர். தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் ஆகியவற்றுக்கு எதிரே விலை இருந்தது. கடைசி வரியிலிருந்த கொத்தமல்லிக்கு எதிரே ‘கொசுறு’ என்று மட்டும் இருந்தது.