மலைப்படி: கடல்மட்டத்திலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தூத்துக்குடிக்காரர் கடல்மட்டத்துக்குச் சில அடி மேலே வாழ்கிறவர். மே மாத வெக்கை பொறுக்காமல் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினால், ஏறத்தாழ 2,100 மீட்டர் ஏற வேண்டும். ஏற ஏற வெப்பம் குறைகிறது, காற்றழுத்தம் குறைகிறது, கையிருப்பும் குறைகிறது. முதல் இரண்டுக்கும் இயற்பியலில் சூத்திரம் உண்டு. மூன்றாவதை அறிஞர்கள் தொடவே இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

2. தரவுகள்

மதுரை போய்ச் சேர்வதற்குள் புதூர்பாண்டியாபுரம், எலியார்பத்தி என இரண்டு சுங்கச்சாவடிகள். இவை சமவெளியைச் சேர்ந்தவை என்பதால் ஆய்வில் சேர்க்கவில்லை. ஃபாஸ்டாக் சேர்த்துக்கொண்டது.

மலைத் தரவுகள் வருமாறு. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். இதற்குக் காசு கிடையாது என்பது ஆய்வாளரைச் சற்றே கலங்கடித்தது. கொடைக்கானல் நகராட்சியின் நுழைவுக் கட்டணம் ஆறுதல் அளித்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று அறிந்ததும் நம்பிக்கை முழுதாகத் திரும்பியது. அரசுப் பேருந்தில் போனாலும் மலைப்பாதைக்கு 20 சதவீதம் கூடுதல். ஆக, உயரத்தில் சக்கரத்துக்கு மட்டுமல்ல, தாகத்துக்கும் கட்டணம் உண்டு.

வாடகைக் கார்ச் சீட்டு தனி ஆவணம். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரியில் சற்றே சாய்ந்த எழுத்தில் ‘ஹில் சார்ஜ்’ என்று இருக்கும். பூகோளப் புத்தகத்தில் மலை அடிவாரத்தில் தொடங்குகிறது. இந்தச் சீட்டில் வத்தலக்குண்டு டீக்கடையிலேயே தொடங்கிவிடுகிறது. “ஏறுறதுக்குச் சரி, இறங்குறதுக்கும் எதுக்குப்பா?” என்று களப்பணியில் வினவப்பட்டது. “ஏறும்போது இன்ஜின் தேயும், இறங்கும்போது பிரேக் தேயும் அண்ணாச்சி” என்றார் ஓட்டுநர். இதைவிடச் செறிவான இயந்திரவியல் விளக்கத்தை எந்தப் பாடநூலும் தரவில்லை.

3. முன்னோர் கருத்து

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியோடு போகும் உமணரும், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகளும், உல்கு என்னும் சுங்கம் வசூலிக்கும் பெருவழியும் வருகின்றன. இன்றும் நம் உப்பு லாரிகள் கேரளத்துக்குப் போகின்றன. கழுதைக்குத்தான் ஃபாஸ்டாக் வரவில்லை. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம். பட்டம் காலியாகிப் பல நூற்றாண்டுகள் ஆகியும் விண்ணப்பம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

நம் கரைக்கு நெருக்கமான சான்று முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் நம் கடற்கரையில் சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டுமே செல்லும்; இரவில் எவனும் திருட்டுத்தனமாய் மூழ்காதிருக்க அதை அவிழ்த்துவிடுவார்களாம். போக வர எடுக்கும் சுங்கச் சீட்டு 24 மணி நேரத்தில் காலாவதியாவதற்கு மூலம் இதுவாகலாம்.

4. கோட்பாடு

மேலே போனாலும் கீழே போனாலும் கட்டணம் என்றால், காரணம் உயரம் அல்ல. திரும்ப முடியாமைதான். சமவெளியில் சாவடியைக் கண்டால் விவரமானவர் ஊர்ப்பாதையில் ஒடித்துவிடுவார். கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எங்கே ஒடிப்பது? கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு, பழனி என்று வழிகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு கழுத்துதான். நடுக்கடலில் சுறாவோடு பேரம் பேச முடியாததும் இதே நிலை. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக்கான ஆண்டுக் கட்டண வில்லையைக் காரில் ஒட்டியிருந்தாலும், ஆல்ப்ஸைக் கடக்கும் பிரென்னர் சாலைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஆகவே விதி: கட்டணம், தப்பிக்கும் வழிகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

5. ஆட்சேபமும் விடையும்

மண் சரியும், தடுப்புச் சுவர் இடியும், மலைச்சாலைக்குச் செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். பாலம், சுரங்கப்பாதை ஆகியவற்றின் நீளத்தைப் பத்தால் பெருக்கியே தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம் கணக்கிடப்பட்டது. 40 கிலோமீட்டர் சாலை முழுதும் அப்படிப்பட்ட கட்டுமானமாக இருந்தால், 400 கிலோமீட்டருக்கான காசு. 2025 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் அது 200. செலவு, எவ்வளவு என்பதை விளக்குகிறது. சாவடியை எங்கே நிறுத்துவது என்பதைக் கழுத்துதான் தீர்மானிக்கிறது.

6. பரிந்துரையும் நிரூபணமும்

நியாயம் இருபக்கமும் வேண்டும். மலையிலிருந்து நம் ஊருக்கு இறங்கி வருகிறவர்களுக்குக் காற்றழுத்தம் கூடுதலாகக் கிடைக்கிறது, கடற்காற்றும் உண்டு. இதற்கு ‘இறக்கப்படி’ வசூலிக்கலாம் என இவ்வாய்வு முதலில் பரிந்துரைத்தது. எங்கே வசூலிப்பது என்று பார்த்தபோது சிக்கல் வந்தது. மதுரை ரோட்டில் நின்றால் பாளை ரோட்டில் வருவார்கள். அங்கே நின்றால் திருச்செந்தூர் ரோடு, அதையும் மறித்தால் ராமநாதபுரம் ரோடு. காசு பெயராது. பரிந்துரை கைவிடப்படுகிறது, கோட்பாடு நிரூபணமாயிற்று.