கண்டனூரின் முன்கள வீரர்

கேள்வி: பிரான்சு 19 வயது எம்பாப்பேயைக் களமிறக்கி 2018-இல் கால்பந்து உலகக் கோப்பையே வாங்கிவிட்டது. நம் பக்கம் அப்படி ஓர் இளம் முன்கள வீரர் உண்டா?
– வாசகர், சின்னாளப்பட்டி

பதில்: உண்டு. அவர் ஆடியபோது டி.வி.யில் கிரிக்கெட் ஓடியிருக்கும். காரைக்குடியை அடுத்த கண்டனூர்க்காரர் சிவசக்தி நாராயணன், 2001-இல் பிறந்தவர். அந்த ஊரிலிருந்து பட்ஜெட் போட்டவர் ப. சிதம்பரம், கோல் போட்டவர் இவர்.

பெங்களூரு எஃப்.சி.யின் இளையோர் அணியில் தேறி மூத்த அணிக்கு வந்தார். 2022 செப்டம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதியாட்டம். 11-ஆவது நிமிடத்திலேயே மும்பை சிட்டியின் வலைக்குள் பந்தைத் தள்ளினார். 2-1 என்று கோப்பை பெங்களூருக்கு. 2022-23 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் 6 கோல், கூடவே வளரும் வீரர் விருது. இந்தியாவின் நட்சத்திர முன்கள வீரர் சுனில் சேத்ரியே பெஞ்சில் காத்திருக்க, இவர் தொடக்க அணியில் இறங்கினார்.

அந்த ஐ.எஸ்.எல். பருவத்தின் இறுதியாட்டத்தில்தான் சனி பிடித்தது. தொடங்கிய சில நிமிடங்களில் அடிபட்டு வெளியேற, உள்ளே வந்தவர் அதே சேத்ரி. பெனால்டியில் மோகன் பகான் வென்றது.

எம்பாப்பேயோ 16 வயதிலேயே மொனாக்கோவின் முதல் அணியில் ஆடியவர்; அதற்கு முன்பே கிளேர்ஃபோன்டைன் தேசியப் பயிற்சி மையம் அவரைச் செதுக்கியிருந்தது. இங்கே ஐ.எஸ்.எல். கிளப்களில் கோலடிக்கும் இடம் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே. உள்ளூர்ப் பையன் ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டியதுதான். அடுத்த ஐ.எஸ்.எல். ஆட்டத்தன்றாவது ரிமோட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.